திறக்காத சிவப்பு ரின்

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் திருகோணமலை இறங்குதுறையில் மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் ஏறினேன். கையில் இரண்டு பெயின்ற் ரின். ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அன்றுமுதல் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிறேன்.

"மூதூருக்கே பெயின்ற் அடிக்கப் போறீரோ தம்பி?" என்றார் கோழிக்கூடையோடு இருந்தவர்.

"ஓம், உங்கட கோழியில தொடங்கட்டா?"

கூடையை மறுபக்கம் நகர்த்தினார்.

ஒன்றேகால் மணி நேரத்தில் மூதூர். வேலைக்கு அழைத்த நசீர் காக்கா சைக்கிளோடு நின்றார். மூத்தவரை அங்கே காக்கா என்பார்கள். வயற்கரைக்கு மூன்று மைல். அவருடைய வாப்பா, தகப்பன் காசிம் ஹாஜியார், முன்பு வாங்கிய உழவு மெசின் கலப்பை ஒன்று கிடக்கிறது. வாங்கிய நாளில் இருந்த அதே நிறத்தை அதற்கு அடிக்கவேண்டும். அது சாம்பலா சிவப்பா என்று வீட்டில் முடிவாகாததால்தான் இரண்டு ரின்.

"வாப்பா சிவப்பெண்டுறார். அவருக்கு இப்ப எல்லாம் மறதி. எந்த வயலுக்கு முதல்ல தண்ணி திறக்கிறதெண்டும் மாத்திச் சொல்றார். அவர நம்பி இந்தப் போகம் விதைக்க ஏலாது போல" என்றார் நசீர்.

பத்து மணிக்குச் சுரண்டத் தொடங்கினேன். மேலே சாம்பல், அதற்குக் கீழே சிவப்பு, பிறகு இரும்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. கப்பலிலும் இப்படித்தான், துருப்பிடிக்காமலிருக்க அடியில் சிவப்பு, அதன்மேல்தான் உண்மையான நிறம்.

"சிவப்புத்தான் தம்பி. மஞ்சள் கோடும் போட்டிருந்த" என்றார் ஹாஜியார், கதிரையில் சாய்ந்திருந்தபடி.

"அது கலியாணத்துக்கு வந்த காரா இருக்கும் ஹாஜியார். கலப்பைக்கு ஆர் பொட்டு வைக்கிறது?"

என் பகிடிக்கு வீடே சிரித்தது. ஹாஜியார் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. சாம்பல் பளபளத்தது. சிவப்பு ரின்னைத் திறக்கவே இல்லை. ஹாஜியார் கிட்ட வந்து நெடுநேரம் பார்த்தார். "அப்ப நான்தான் பிழையா நினைச்சிரிக்கன்" என்றார்.

"பரவாயில்ல வாப்பா, இந்தப் போகம் நான் பாக்கிறன்" என்றார் நசீர். ஹாஜியார் தலையாட்டினார்.

திரும்பும் லோஞ்சில் பையைத் துழாவினேன். கலப்பையின் உட்பக்கத்தில் முறிந்து தொங்கிய தகடொன்றை, ரின் மூடி திறக்க உதவுமென்று எடுத்துவந்திருந்தேன். அதில் கிறீஸ் தடிப்பாகப் பிடித்திருந்தது. பொழுதுபோகாமல் துடைத்தேன். கீழே சாம்பலே இல்லை. மினுங்கும் சிவப்பு, அதன்மேல் நூல்போல ஒரு மஞ்சள் கோடு. அடிப்பூச்சின்மேல் யாரும் கோடு போடுவதில்லை. சாம்பல்தான் பிறகு யாரோ பூசியது.

லோஞ்ச் பாதிக் குடாவைத் தாண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தகட்டோடும் சிவப்பு ரின்னோடும் மறுபடி போனேன். வயல்களில் விதைப்பு முடிந்திருந்தது. நசீர் வெளியே போயிருந்தார். ஹாஜியார் தகட்டை வாங்கி, கோட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"ஓம். இதுதான்."

"நசீர் காக்காட்ட நானே சொல்றன். இண்டைக்கே சிவப்பு அடிச்சுத் தாறன்."

"வேணாம் தம்பி. அவன் விதைச்சிட்டான். இனி என்னத்துக்கு?"

தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேத்தண்ணி வந்தது. இருவரும் குடித்தோம். நான் எழும்பும்போது கேட்டார்:

"இண்டைக்கு ஏன் தம்பி பகிடி ஒண்டும் விடல்ல?"

ரின்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மைலும் நடந்தேன். லோஞ்ச் திருகோணமலை கிட்ட வந்தபோது துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன, எல்லாம் சாம்பல் நிறத்தில். திறக்காத ரின் என் மடியில் இருந்தது.