இருநூறு குழி

நாங்கள் விதை நெல் விற்கிறோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் மருமகள் பார்க்கிறாள்.

எங்கள் வெப்சைட்டில் அவள் ஒரு பெட்டி வைத்தாள். நிலம் எத்தனை மா, எத்தனை குழி என்று தட்டினால் இத்தனை கிலோ விதை வேண்டும் என்று அதுவே சொல்லும்.

"வெறும் படம் போட்டா பாத்துட்டுப் போயிடுவாங்க மாமா. கை வச்சுப் பாக்குற மாதிரி ஏதாவது இருக்கணும். அப்பத்தான் நிப்பாங்க."

"விதை என்ன விளையாட்டுச் சாமானா?"

"மாவுக்கு எத்தனை கிலோ? அதை மட்டும் சொல்லுங்க."

"நடவுக்குப் பத்து. நூறு குழி ஒரு மா. போட்டுக்க."

போட்டாள். ஜனம் வந்தது. கேள்விப்படாத ஊரிலிருந்தெல்லாம் தட்டினார்கள். கீழேயே கேள்வி கேட்கவும் ஓர் இடம் வைத்திருந்தாள். அது என் போனுக்கு வரும். எழுத எனக்கு நேரமாகும். பேசி அனுப்பிவிடுவேன்.

"வீட்டுல ஒரு வார்த்தை பேசக் காசு கேக்கற மனுஷன், முகம் தெரியாதவங்ககிட்ட என்னா பேச்சு!" என்பாள் சம்சாரம்.

சம்பா நடவு சமயம். வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். வீடியோ கால் வந்தது. ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். கம்பெனி வேலையை விட்டுவிட்டு முதல் தடவையாகப் பயிர் வைக்கிறவர். எங்களிடம் மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கியவர்.

"ஐயா, நாத்து தீந்துபோச்சு."

"எவ்வளவு நட்டீங்க?"

போனைத் திருப்பினார். ஓரமாக ஒரு துண்டு பச்சை. மற்றதெல்லாம் சேறு. உழுது, பரம்படித்து, தண்ணீர் கட்டி வெறுமனே கிடந்தது.

"பக்கத்து நெலத்தையும் சேத்துக் காட்டுறீங்களா?"

"எல்லாம் நம்மளுதுதான் ஐயா. இருநூறு குழி."

எங்கள் ஊரில் இருநூறு குழி என்றால் இரண்டு மா. அங்கே கிடந்தது எட்டு மா இருக்கும்.

"குழியை எப்படி அளப்பீங்க?"

அவர் திரும்பி யாரையோ கேட்டார். நடவு நடுகிற அம்மா ஒருத்தியின் குரல் கேட்டது. "இருவத்துநாலு அடிக் கோலு. இதுகூடத் தெரியாதவனா உனக்கு வெத வித்தான்?"

ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் இருந்தால் அது ஒரு குழி. எங்கள் ஊர் அளவுகோல் பன்னிரண்டடி. நீளத்தில் இரண்டு பங்கு, அகலத்தில் இரண்டு பங்கு. அவர்கள் குழி ஒன்றில் எங்கள் குழி நாலு அடங்கும். எண்பது கிலோ போகவேண்டிய இடத்துக்கு இருபது கிலோ போயிருக்கிறது. குழி என்றால் எல்லா ஊரிலும் ஒரே குழிதான் என்று இந்த வயது வரைக்கும் இருந்திருக்கிறேன்.

"நாட்டு நெல்லு, தூர் நெறையக் கட்டும், அதான் கம்மியாப் போடச் சொல்றீங்கன்னு நெனச்சேன். சந்தேகத்துல உங்களையும் கேட்டேனே ஐயா." அவர் திட்டவில்லை. "இனிமே விதைச்சா பட்டம் தப்பிடுமா?"

"தப்பிடும்."

போனை வைத்துவிட்டுத் தேடினேன். நான் பேசி அனுப்பியது இருந்தது. 'இருநூறு குழிக்கு இருபது கிலோ தாராளம். மிச்சமே வரும்.' என் குரல்தான். சிரித்துக்கொண்டே வேறு சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மருமகள் அந்த வெப்சைட்டுப் பெட்டியை உடனே மூடினாள். குழிக்கணக்குப் போட்டு விதை வாங்கினவர்கள் யார் யார் என்று எடுத்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மற்றவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். சிக்கினது இந்த ஒருத்தர்தான்.

எங்கள் நாற்றங்காலிலும் அதே மாப்பிள்ளைச் சம்பாதான், பறிக்கிற பதத்தில் நின்றது.

"பறிக்கச் சொல்லு. அவருக்கு அனுப்ப லாரிக்குச் சொல்லிட்டேன்" என்றேன்.

"நம்ம வயலு?" என்றாள் சம்சாரம்.

"குறுகிய கால நெல்லு ஏதாவது போட்டுக்கலாம்."

கொண்டையை முடிந்துகொண்டு அவளே நாற்றங்காலில் இறங்கினாள். பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி அனுப்பினோம். மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தது.

அதற்கடுத்த நாள் அவர் வீடியோவில் கூப்பிட்டார். பச்சை இப்போது பாதியைத் தாண்டியிருந்தது. ஆனாலும் ஒரு மூலை சேறாகவே இருந்தது. எங்கள் நாற்று அவ்வளவுதான் வந்திருக்கிறது.

"இந்த மூலையில ஏதாவது குறுகிய கால நெல்லு போட்டுடலாமா ஐயா? எவ்வளவு விதை வேணும்?"

வாயில் பதில் தயாராக வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"டேப்பு இருக்கா? எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்னு அளந்து சொல்லுங்க."

அவர் சேற்றில் இறங்கினார். நான் போனை வைக்காமல் நின்றேன்.