கிரேன் ஆபரேட்டரின் ஜெர்மன் பெயர்

காலை ஆறு ஐந்து. சைட் கேட்டைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா மீது உட்கார்ந்திருந்த துரை. டவர் கிரேன் அவருக்குப் பின்னால் அசையாமல் நின்றது. அந்நேரத்தில் அவரைத் தரையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. நான் வரும்போது அவர் எப்போதும் மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நிழலாகத்தான் இருப்பார். இன்று ஹெல்மெட் மடியில் இருந்தது. கேட்டதற்கு, "கார்டைப் புடுங்கிட்டாங்க சார்" என்றார். ஏன் என்று கேட்டேன். "பேரு சரியில்லையாம்."

நான் அஜ்மானில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஷார்ஜா எல்லையில் கிடங்குகள் கட்டும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை. அதற்கு முன் திருச்சியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். எந்தத் தாளைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படும் பழக்கம் அங்கிருந்து வந்தது. துரையின் கார்டைப் பார்த்ததும் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிரேன் இயக்கத் தேர்ச்சி பெற்றதற்காக அவர் ஓமானில் வேலை பார்த்தபோது வாங்கிய கார்டு அது. அதில் இருந்த பெயர்: ட்ரௌகொட் காளியபெருமாள்.

ஒரு மனிதர், மூன்று பெயர்கள். தொழிலாளர் கேம்பில் அறைக்காரர்கள் துரை என்கிறார்கள். வருகைப் பதிவு வைக்கும் டைம்கீப்பர் காளியபெருமாள் என்று கூப்பிடுகிறார். கார்டில் வேறொன்று. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இரண்டாவது பெயரை விளக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் கடவுச்சீட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்பாவின் பெயரைப் போட்டுவிடுகிறோம்; காளியபெருமாள் துரையின் அப்பா. வளைகுடாவில் இறங்கியதும் அதுவே நம் பெயராகிவிடுகிறது. வந்த புதிதில் அலுவலகத்தில் யாரோ என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து போயிருக்கிறேன். இப்போது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இங்கே மனைவி மட்டும்தான் இருக்கிறாள். ஆகவே துரை, காளியபெருமாள் இரண்டும் எனக்கு உறுத்தவில்லை. உறுத்தியது ட்ரௌகொட்.

கார்டைப் பறித்தவர் ஹோல்கர். கட்டடத்தின் உரிமையாளர் தரப்பில் பாதுகாப்பை மேற்பார்வை செய்ய அண்மையில் வந்த ஜெர்மானியர். உயரமானவர், மெதுவாகப் பேசுபவர், புன்னகையை வீணாக்காதவர். பக்கத்து சைட் ஒன்றில் போலிக் கார்டுகளோடு சிலர் பிடிபட்டிருந்தார்கள். அதனால் எங்கள் ஆபரேட்டர்களின் கார்டுகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்தப் பெயரில் நின்றுவிட்டார். "இது என் நாட்டுப் பெயர். என் நாட்டிலேயே இல்லாத பெயர்" என்றார் என்னிடம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பக்தி மிகுந்த குடும்பங்கள் பிள்ளைகளுக்கு அறிவுரைகளையே பெயராக வைத்தார்களாம். கடவுளுக்கு அஞ்சு என்று ஒரு பெயர். நேர்மையாக வாழ் என்று ஒரு பெயர். கடவுளை நம்பு என்பதுதான் ட்ரௌகொட். பிறகு அந்த வழக்கம் தேய்ந்துவிட்டது. அவர் பிறந்த சாக்சனி ஊரில் கல்லறைக் கற்களில் அதைப் படித்திருக்கிறாராம். அந்தப் பெயரோடு உயிருள்ள ஒருவரைக் கண்டதில்லை. போலி அடிப்பவர்கள் ஏதோ பழைய ஜெர்மன் சான்றிதழை மாதிரியாக வைத்து நகலெடுத்திருக்கிறார்கள், பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள் என்பது அவருடைய கணிப்பு. கடவுச்சீட்டிலும் அதே பெயர்தானே என்றேன். "அப்படியானால் கடவுச்சீட்டையும் பார்க்க வேண்டியதுதான்" என்றார்.

இதில் துரையே தன் குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார். இந்தப் பெயர் உனக்கு எங்கே கிடைத்தது என்று ஹோல்கர் கேட்டபோது, கார்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அதை வாங்கிய ஓமான் ஊரை, "சோஹார், சார்" என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார். ஹோல்கர் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். அது போதாதென்று, விசாரித்தபோது வேறு வேறு கதைகள் வந்தன. பாகிஸ்தானி ஃபோர்மேனிடம் தான் கிறிஸ்தவர் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். விசா வேலைகளைப் பார்க்கும் மலையாளி ஷாஜியிடம், பாண்டிச்சேரிப் பக்கம், பிரெஞ்சுப் பெயர் என்று சொல்லியிருக்கிறார். செய்தி மேசையில் ஒரே ஆளிடமிருந்து இரண்டு கதை வந்தால் இரண்டையும் வெளியிட மாட்டோம்.

இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும் என்றது நிர்வாகம். இல்லையென்றால் விசாவை ரத்துசெய்து அனுப்பிவிடுவார்கள். தமிழன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மாலை கேம்புக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அறையில் பேச்சு நின்றது. அலுவலகத்து ஆள் கேம்புக்கு வந்தால் நல்லதுக்கு இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். கீழ்க்கட்டிலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த விருத்தாசலத்துக்காரர் ஒருவர் நிமிராமலேயே கேட்டார்: "இன்னா சார், நம்ம ரூம் கொழம்பு நல்லாருக்கும்னு எவனாவது ஆபீஸ்ல சொல்லிட்டானா?" ஒருவரும் சிரிக்கவில்லை. துரையை வெளியே அழைத்துப் போனேன். இரண்டு கதைகளையும் அவர் மறுக்கவில்லை. "யார் கேக்கறாங்களோ அவங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லிடுவேன் சார். உண்மையச் சொன்னா சிரிப்பாங்க." உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். நெய்வேலிச் சுரங்கத்தில் அவருடைய அப்பா வேலை பார்த்தபோது, இயந்திரங்களைப் பொருத்த வந்திருந்த ஒரு ஜெர்மன் என்ஜினியரின் பெயராம். மேற்கொண்டு கேட்டால், "அக்காவுக்குத்தான் தெரியும், நான் அப்ப கைக்கொழந்த" என்றார்.

அக்காவின் எண்ணை வாங்கி அங்கேயே, அவர் முன்னாலேயே அழைத்தேன். துரை முந்திக்கொண்டு சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது. அக்கா காத்திருந்ததுபோல முதல் மணியிலேயே எடுத்தார் என்பதையும் மனதில் குறித்துக்கொண்டேன். தனலட்சுமி என்று பெயர். நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் இருக்கிறார். தம்பியின் பெயரைப் பற்றி ஆபீசில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"அந்தப் பேர எடுக்கச் சொல்றாங்களா சார்?"

இல்லை, எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன். பிறகு சொன்னார். அவருக்குப் பின் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் வருடம் திரும்பும் முன்னே இறந்துவிட்டன. மூன்றாவதாகப் பிறந்த பையன்தான் துரை. "தவுட்டுக்கு வித்து வாங்கு, குப்பையில பொரட்டி எடு, பிச்சைன்னு பேரு வையின்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. எங்கப்பாரு கேக்கல. பிச்சை, குப்பைன்னு ஊருல நூறு பேரு இருக்கான், எமனுக்கு அதெல்லாம் மனப்பாடம் ஆயிருக்கும்னாரு. அவன் வாயில நொழையாத பேரா வேணும்னு அந்த ஜெர்மன்காரர்கிட்டயே போயி நின்னாரு."

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. நாளிதழில் மறைவுச் செய்திகளைத் திருத்தும்போது பிச்சைமுத்துகளும் குப்பம்மாள்களும் தினமும் வருவார்கள். முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில், எவருக்கும் வேண்டாத பொருளின் பெயரை வைத்தால் எமனும் வேண்டாமென்று போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. எழுபது எண்பது வயதில் மறைந்தவர்கள் அவர்கள். பெயர் வேலை செய்திருக்கிறது என்று நாங்கள் மேசையில் கேலி பேசியதுண்டு. ஆனால் அதையே ஒருவர் ஜெர்மன் மொழியில் செய்திருப்பார் என்பதை நம்ப எனக்கு இன்னும் ஏதாவது தேவைப்பட்டது. ஒரே ஒருவர் சொல்வதை வைத்து செய்தி போட முடியாது.

அந்த என்ஜினியர் மகிழ்ந்திருப்பாரே, பெயர் வைக்கும் அன்று வந்திருந்தாரா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். சிக்குகிறாரா என்று பார்க்கத்தான்.

"எங்க வந்தாரு? அவருக்கு ஒரே கோவம். எங்க நாட்டுல இந்தப் பேரச் சொன்னாலே சிரிப்பாங்க, எனக்கே புடிக்காது, புள்ளைக்கு வைக்காதேன்னு எங்கப்பாவத் திட்டினாராம். யாரும் வைக்காத பேருதான் வேணும்னு இவரு வச்சிட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் சரியாப் பேச்சுவார்த்த இல்ல. எங்களுக்கும் வாயில வரல. அந்த வெள்ளைக்காரரத் தொரைன்னுதான் சொல்லுவோம், இவனையும் அப்படியே கூப்புட்டுப் பழகிடுச்சு."

பொய் சொல்பவராக இருந்தால் அந்த ஜெர்மானியரை விழாவுக்கு வரவழைத்திருப்பார், குழந்தையை மடியில் வாங்க வைத்திருப்பார், கையில் ஒரு பரிசும் கொடுத்திருப்பார். கோபித்துக்கொண்டு போனவரைக் கற்பனை செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. தொலைபேசியை வைத்தபோது முக்கால்வாசி நம்பியிருந்தேன். துரை சுவரோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி ஹோல்கரிடம் கொடுத்தேன். எமன் என்பதை மரணத்தின் கடவுள் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் கேட்டது, சைட் பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரே கேள்வி.

"பலித்ததா?"

"அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது" என்றேன்.

அவர் தாளை மடித்தார். "கடவுளை நம்பு என்று சொல்லும் பெயர். அதை வைத்துக்கொண்டு ஒரு கடவுளிடமிருந்து ஒளிந்திருக்கிறார்கள்." பாராட்டா, ஏளனமா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கார்டைத் திருப்பித் தரவும் இல்லை. கதை வேறு, கார்டு வேறு என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கார்டு வழங்கிய சோஹார் நிறுவனத்துக்கு முதல்நாளே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அன்று மதியத்துக்குப் பின் பதில் வந்தது. கார்டு உண்மையானது. அந்தப் பெயருள்ளவர் அங்கே தேர்வெழுதித் தேறியிருக்கிறார். புகைப்படமும் பொருந்தியது. ஹோல்கர் கார்டை என் மேசைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கே வரவழைத்திருந்த துரையின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அதற்கு முன் அந்தப் பெயரை அவர் சரியான உச்சரிப்பில் சொல்லிக் கூப்பிட்டபோது துரை திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

விஷயம் அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் டைம்கீப்பரிடம் ஒரு பெயரும் கார்டில் ஒரு பெயருமாக இருந்ததால்தான் இத்தனை தொல்லை என்று நிர்வாகம் முடிவு செய்தது. கேட் பாஸைப் புதிதாக அடிக்கச் சொன்னார்கள். முழுப் பெயரையும் போடலாம் என்றேன். ஷாஜி ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் சார். இனி ஒவ்வொருத்தனும் வந்து இதென்ன பேருன்னு கேட்கும், நமக்கு கதை சொல்றதே பணி ஆகும். காளியபெருமாள் மதி, அது போதும்." துரையைக் கேட்டோம். "டூட்டி போட்டாப் போதும் சார்" என்றார். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, அந்தப் பெயரை எடுத்துவிட்டதை அக்காவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் காலை டவர் கிரேனில் ஏறியவரின் பெயராக கேட் பதிவில் இருந்தது காளியபெருமாள். காளியபெருமாள் நெய்வேலியில் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.