கயிறு கட்டிப் பார்த்த பள்ளிக்கூடம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான் தங்கச்சி கத்தாரிலிருந்து போன் எடுத்து, தன் மகளுக்கு ஒரு பிரைவேட் ஸ்கூல் பார்க்கச் சொன்னாள். மச்சான் வேலை செய்த கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் மூன்று பேரும் ஊருக்கு வருகிறார்கள். பிள்ளைக்கு ஒன்பது வயது. அங்கே எல்லாப் பாடத்தையும் இங்கிலிஷில் படித்தவள். தமிழ் எழுதத் தடுமாறுவாள். அதில் மட்டும் தாய்மாமனைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

"அண்ணே, ஹட்டன் பக்கம் ரெண்டு ஸ்கூல் சொல்றாங்க. நீ போய்ப் பாத்து ஒண்ணச் சொல்லு. வெள்ளிக்கெழமைக்குள்ள எடம் பிடிக்கணும்."

"தாய்மாமன்னா காது குத்துக்கு மடியில வச்சிக்கிட்டாப் போதும்னுல்ல நெனச்சேன்."

"வெளையாடாத அண்ணே. பிள்ளையோட விஷயம்."

திங்கட்கிழமை காலையில் என் கல்யாணக் கால்சட்டையை எடுத்து மாட்டினேன். பொத்தான் பூட்டவில்லை. பெல்ட்டை வைத்து மறைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஸ்கூல் டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. விளையாட இடமில்லை. கீழே பஸ் ஹாரன் அடித்தால் மேலே டீச்சர் வாயை மூடிக்கொள்கிறார். பிள்ளைகள் அதற்காகவே பஸ்ஸைக் காத்துக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. தங்கச்சி முகம் சுளிப்பாள் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இரண்டாவது, டவுனைத் தாண்டி எதிர் மலைச்சரிவில் இருந்தது. பழைய துரை பங்களாவுக்கு வெள்ளையடித்துப் பள்ளிக்கூடமாக்கியிருந்தார்கள். புல்வெளி, ரோஜாப் பாத்தி, பின்னால் புதிதாகக் கட்டிய வகுப்பறைகள், அதற்குப் பக்கத்தில் நீச்சல் குளம். இந்தக் குளிரில் யார் அதில் இறங்குவார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பிரின்சிபல் மேடம் இங்கிலிஷில் ஆரம்பித்தார். எதற்கும் "யெஸ் மேடம்" என்றேன். மூன்றாவது 'யெஸ்'ஸுக்கு அவர் முகம் மாறிப்போய், "அப்படியா? பாவம்! என்ன வருத்தம் பிள்ளைக்கு?" என்று தமிழுக்கு வந்தார். பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"வருத்தம் எனக்குத்தாங்க மேடம், இங்கிலிஷ் வருத்தம்" என்றேன். நல்ல மனுஷி, சிரித்துவிட்டார்.

வகுப்பறைகளைக் காட்டக் கூட்டிப்போனார். எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனால் பின் வரிசை வகுப்பு ஒன்றின் கதவு மூடவில்லை. மேடம் தள்ளினார், நானும் தள்ளினேன். மேல் மூலை நிலையில் முட்டிக்கொண்டு நின்றது.

"மழைக்குப் பலகை ஊதிருச்சு" என்றார் மேடம்.

என் வாயில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் கோணியிருந்த நிலையை விட்டு நகரவில்லை.

நான் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் கான் வெட்டினவன். மழைத்தண்ணீர் மலையை அரிக்காமல் இறங்கி ஓடுவதற்கு வெட்டும் வாய்க்காலைத்தான் கான் என்போம். எழுத்து தெரியாவிட்டாலும் சரிவு தெரியும். பாத்ரூம் போக வேண்டும் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு நேராகக் கட்டிடத்துக்குப் பின்னால் போனேன்.

அங்கே தோட்டக்காரத் தம்பி ஒருவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். சிமெந்துக் கான் நடுவில் உடைந்து, ஒரு பக்கம் தாழ்ந்து கிடந்தது. மேலே தேயிலைக்குள் நின்ற சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. தேயிலை நிரைக்குக் குறுக்கே தரையில் ஒரு வெடிப்பு. என் கட்டைவிரல் போகும். அதற்குக் கீழே ஓர் ஊற்று கலங்கலாகக் கசிந்துகொண்டிருந்தது.

"தம்பி, இந்த ஊத்துத் தண்ணி எப்பவும் இப்பிடிக் கலங்கலாத்தான் வருமா?"

"இல்லண்ணே, ரெண்டு மூணு நாளாத்தான். மழையும் பெரிசா இல்ல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எங்கள் தோட்டத்திலும் மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு வெடிப்பு வந்தது. முதலில் கண்டவன் நான். லயத்து வாசலில் நின்று, "மலை நடக்கப் பழகுது, எல்லாரும் வழிய விடுங்க" என்று கத்தினேன். குழந்தை மாதிரி தத்தித் தத்தி நடந்தும் காட்டினேன். அப்படி ஒரு சிரிப்பு. ஓரத்துக் காம்பரா வீட்டில் இருந்த அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி, எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மலை வந்தது. அந்தக் காம்பராவைத் தோண்டி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தேத்தண்ணிக் கோப்பை முழுசாகக் கிடைத்தது.

நான் சொன்னது சரிதான். சொன்ன விதத்தில் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

கான் வெட்டுவதற்கு முன் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டித்தான் கோடு பிடிப்போம். அன்றைக்குத் தம்பியிடம் இரண்டு குச்சி கேட்டு வாங்கினேன். வெடிப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அடித்து, நடுவில் ஒரு கயிற்றைக் கட்டினேன். இழுத்துக் கட்டவில்லை. ஒரு சாண் தொங்கும்படி விட்டேன்.

"இத யாரும் தொடாம பாத்துக்க தம்பி. வியாழக்கெழம வர்றேன்."

"என்னண்ணே, துணி காயப் போடவா?"

"ஆமா, என் கால்சட்டைய."

தங்கச்சியிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளோ இணையத்தில் அந்த நீச்சல் குளத்தின் படத்தைக் கண்டுபிடித்து எனக்கே அனுப்பியிருந்தாள். கீழே மருமகளின் குரல் பதிவு: "மாமா, ஐ வாண்ட் திஸ் ஒன்." அது எனக்கே விளங்கியது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் தூறல்தான். வியாழக்கிழமை போனபோது தம்பி கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். பகடி எதுவும் பேசவில்லை. பின்னால் கூட்டிப்போனார்.

கயிறு தொங்கவில்லை. விரலால் தட்டினேன். டங் என்றது. கீழ்மண் இறங்கி, கீழ்க்குச்சி கயிற்றின் இழுப்பில் வெடிப்பை நோக்கிச் சாய்ந்திருந்தது.

அங்கே நின்றபடியே தங்கச்சிக்கு வீடியோ போட்டேன். கயிற்றைக் காட்டினேன், வெடிப்பைக் காட்டினேன், சாய்ந்த மரங்களைக் காட்டினேன்.

"இந்த ஸ்கூல் வேணாம். மலை நகருது."

"வெளையாடாத அண்ணே. மேடம்கிட்ட ஏதாச்சும் ஏடாகூடமாப் பேசிட்டு வந்து கதை கட்டுறியா?"

"மேடம் நல்லவங்க. மலதான் சரியில்ல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஓரத்துக் காம்பராவில் கேட்ட சிரிப்பு அது. மச்சான் போனை வாங்கினார். படித்த மனிதர், நிதானமாகத்தான் பேசுவார்.

"மச்சான், ரெண்டு நாளா மழைன்னு சொல்றீங்க. கயிறு நனைஞ்சா இறுகத்தானே செய்யும்?"

ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்காரன் மூளை, சொன்னதையெல்லாம் நம்பும். பிறகு கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

"மச்சான், இது நைலோன்."

வகுப்பறைக்குள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது போனுக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். தங்கச்சி போனைத் திரும்ப வாங்கினாள்.

"அண்ணே, நீ ஏன் சிரிக்காமப் பேசுற?"

"எனக்குச் சிரிப்பு வரலம்மா."

"சரி. அந்தத் துணிக்கடை ஸ்கூல்லயே போட்டுரு."

போகும்போது மேடத்தையும் கூட்டிவந்து கயிற்றைக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டார். "மேசனுக்குச் சொல்லி உடனே சிமெந்து பூசச் சொல்றேன்" என்றார். மலைக்குச் சிமெந்து பூசுவதைப் பற்றி என்னிடம் ஒரு நல்ல பகடி இருந்தது. விழுங்கிவிட்டு, பிள்ளைகளை அந்தப் பின் வரிசையிலாவது வைக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கிராம சேவகரிடமும் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இப்போது மருமகள் வந்து நான்கு மாதமாகிறது. காலையில் நான்தான் கூட்டிப்போகிறேன்.

"மாமா, வை நோ பூல்?" என்று வாரம் ஒரு தடவையாவது கேட்கிறாள்.

"அந்தக் கொளத்துல மொதல இருக்கு பாப்பா."

"லையர்!"

தோட்டக்காரத் தம்பி போன வாரம் போன் எடுத்தார். வெடிப்பின் மேல் பூசிய சிமெந்தில் மயிர்க்கோடு மாதிரி ஒன்று ஓடுகிறதாம். மேடம் பின் வரிசைப் பிள்ளைகளை முன்னால் மாற்றிவிட்டாராம். ஊற்று கலங்கல் நின்றுவிட்டது என்றார். எனக்கு மூச்சு வந்தது. "இப்ப தண்ணியே வரலண்ணே" என்றார். ஊற்று அடைபட்டால் தண்ணீர் மலைக்குள்ளேதான் தேங்கும்.

அன்றைக்கே மறுபடியும் போய்க் கும்பிட்டேன். மண்சரிவு பார்க்கும் ஆட்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், வந்து பார்ப்பார்கள் என்றார் மேடம். நாளைக்கும் போவேன். என்னைக் கண்டதும் கேட்டில் நிற்கும் டீச்சர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் சொன்னது கடைசிவரை பொய்யாகவே இருந்து, சாகும்வரை எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

மழை நாளில் மருமகளை மாடியேற்றி விட்டு, துணிக்கடை வாசலில் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் எதிர் மலை தெரியும். பனி மூடியிருந்தால் விலகும்வரை நிற்பேன். இன்றைக்குக் கொஞ்சம் நேரமெடுத்தது. பிறகு அந்தப் பங்களா வெள்ளையாகத் தெரிந்தது. பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.