கிரகணத்தன்று வெட்டிய துணி

என் அக்கா தையற்காரி. சட்டைக்கு அளவெடுப்பதில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. ஆனால் துணியை மட்டும் வெட்ட மாட்டாள். மச்சான் வெட்டித் தருவார், அவள் தைப்பாள். மச்சானுக்கோ கத்தரி பிடித்தால் கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அதற்கும் ஒட்டுப் போட்டுச் சமாளிப்பவள் அக்காதான்.

காரணம் ஊரறிந்தது. மகள் வயிற்றில் ஏழு மாசமாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. மறுநாள் பள்ளிச் சீருடைகளைக் கொடுத்தாக வேண்டும். மாமியார் தடுத்தும் கேளாமல் உட்கார்ந்து வெட்டினாள். குழந்தை இடது கையில் விரல்கள் இல்லாமல் பிறந்தது. விரல் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன மொட்டுகள், அவ்வளவுதான். சொன்னேனே, கேட்டாயா என்று மாமியார் சாகும்வரை குத்திக் காட்டினாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வாய் அது. நான் அந்த அம்மாளைத் திட்டாத நாளில்லை.

மகள் தன் பாட்டுக்கு வளர்ந்தாள், படித்தாள், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாத்திரை அட்டையை மொட்டுக் கையால் அழுத்திப் பிடித்து, வலது கையால் சரக்கென்று வெட்டித் தருவாள். கல்யாணமும் ஆயிற்று. இப்போது மூன்று மாசம்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வாரம் கிரகணம் என்று செய்தி வந்தது. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. வேலையை விடு, கத்தரியைத் தொடாதே, வீட்டுக்கு வந்து படு என்று மகளை நச்சரித்தாள். பொறுத்துப் பார்த்த மகள், டாக்டரையே கேட்டுக்கொள் என்று ஸ்கேனுக்கு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. இதோ கை, இதோ விரல்கள், இரண்டு கையிலும் சரியாக இருக்கின்றன என்று டாக்டரம்மா காட்டினார்.

"இப்பவேவா?" என்றாள் அக்கா.

கை கால்கள் முதல் இரண்டு மாசத்திலேயே உருவாகிவிடும், அப்புறம் வளர்ச்சிதான் என்றார் டாக்டர். மகளின் கையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுவும் அப்போதே ஆனதுதான் என்றார்.

"நான் துணி வெட்டினது ஏழாம் மாசம்." என்றாள் அக்கா. "அப்ப ஏன் டாக்டர் இப்படி ஆச்சு?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம், சிலருக்குப் பரம்பரையாக வரும், பலருக்குக் காரணமே தெரிவதில்லை, இந்தக் கைக்கும் தெரியாது என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா அழுதாள். அது நிம்மதி அழுகை இல்லை.

"அப்ப இத்தனை வருஷமா நான் எதுக்குத் தண்டனை அனுபவிச்சேன்?"

மகள் எழுந்து உட்கார்ந்து, ஸ்கேனுக்காக வயிற்றில் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்தாள்.

"நீ மட்டுமாம்மா? என் கையைப் பாக்கிறப்ப எல்லாம் நீ உன் தப்பைத்தான் பாத்தே. உனக்கு நான் மகளா இருந்ததைவிட, தண்டனையா இருந்ததுதான் அதிகம்."

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது, அக்கா மகளின் இடது பக்கம் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் அதைப் பிடித்து நான் பார்த்ததில்லை.