பூட்டிக் கிடந்த என் அலமாரி

வின்னிபெக்கில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டைச் சுற்றிக் காட்டிய வீட்டுக்காரி, படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு, உன் துணிகளையெல்லாம் குளோசெட்டில் வைத்துக்கொள் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. விழுப்புரத்தில் குளோசெட் என்றால் ஒன்றுதான். ஹார்டுவேர் கடை வாசலில் வெள்ளை வெளேரென்று வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அந்தக் கக்கூஸ் பீங்கான். திண்டிவனத்துக்குப் போனாலும் அதேதான். நான் முழிப்பதைப் பார்த்து அவள் ஒரு மடக்குக் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே சுவரைக் குடைந்தாற்போல ஓர் இடம், குறுக்கே ஒற்றைக் கம்பி. வேண்டியபடி நீயே அமைத்துக்கொள், ஆணி அடிக்கலாம், ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கான பொருள்களை விற்கும் கடையில் இருந்த பையன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஸ்டட் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டாயா என்பது. சட்டென்று காதைத் தொட்டுப் பார்த்தேன். கம்மல் இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊர்ச் சுவர்கள் செங்கல் அல்ல, அட்டை மாதிரிப் பலகைகள். பின்னால் மறைந்து நிற்கும் மரக்கட்டைக்குத்தான் அங்கே ஸ்டட் என்று பெயர். அதில் ஒரு நீள இரும்பு ரெயிலை முடுக்க வேண்டும். ரெயிலிலிருந்து துளை துளையாகப் போட்ட பட்டைகள் தொங்கும். துளைகளில் பிராக்கெட்டைச் செருகினால் அதன்மேல் தட்டு உட்காரும், அடியில் ஹேங்கர் மாட்டும் கம்பி வரும். தட்டை ஏற்றலாம், இறக்கலாம், நாளைக்கு மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தாங்குவது மேலே இருக்கும் அந்த ரெயில்தான். இவ்வளவையும் எனக்குப் புரியவைப்பதற்கு முன்னால் அந்தப் பையன் இன்னொன்றும் கேட்டான்: இதை யார் யார் பயன்படுத்தப் போகிறீர்கள், யாருடைய துணி நீளம்? என்னிடம் புடவை இருக்கிறது என்றதும், மடித்து வைப்பாயா, தொங்கவிடுவாயா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுத்தான் தட்டின் உயரத்தைச் சொன்னான்.

ஒரு சாதாரண அலமாரிக்கு அங்கே கேட்கிற அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் விழுப்புரத்தில் புது வீடு கட்டி, அறைக்கு அறை மாடுலர் அலமாரி போட்டிருந்தான். வீட்டைப் பார்க்க நான் முதல்முறை போனபோது அம்மா என்னை மாடிக்கு அழைத்துப்போய், இது உன் ரூமு, இது உன் அலமாரி என்று காட்டினாள். தரையிலிருந்து கூரை வரை இருந்தது. பளபளப்பான கதவு. சாவி அம்மாவின் இடுப்புக் கொத்தில். உள்ளே நான் காலேஜுக்குக் கட்டிய புடவைகள், கல்யாணப் பட்டு, போன முறை நான் கொண்டுவந்த சாக்லேட்டின் காலி டப்பாக்கள், ரசகற்பூர உருண்டைகள். நான் வராத மாதமெல்லாம் அது பூட்டியே கிடக்குமாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறுநாள் காலை வரைக்கும்.

மறுநாள் காலையில் என் தங்கை கலைவாணி வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். நேற்று ராத்திரிதானே போட்டாய் என்று கேட்டேன். பையில் வைத்தால் கசங்கிவிடுகிறது என்றாள். எந்தப் பை என்று பார்த்தேன். கீழே அவள் படுக்கிற கட்டிலுக்கு அடியில் துணிக்கடைக் கட்டைப்பைகள் இரண்டு. அவளுடைய எல்லாத் துணியும் அவற்றுக்குள்தான். திண்டிவனத்தில் வாழப் போனவள், கை நீட்டுகிற புருஷனைப் பொறுக்க முடியாமல் திரும்பி வந்து சில வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்குக்கூட அந்த வீட்டில் இழுப்பறை உண்டு. இவளுக்கு ஒரு தட்டு இல்லை. விருந்தாளி வந்தால் பைகளை இன்னும் உள்ளே தள்ளிவிடுவார்களாம்.

அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அவளுக்குன்னு ஒரு எடம் ஒதுக்கிட்டா அப்பறம் எப்பிடிடி போவா? இப்ப வந்து தங்கிக்கினு இருக்கான்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்."

அப்போதுதான் புரிந்தது. இடம் இல்லாமல் இல்லை. அவளைக் கிளப்பத் தயாராக வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து போனவளுக்குக் கூரை வரை இடம். தினமும் இந்த வீட்டுச் சோற்றை வடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவளுக்குக் கட்டிலின் அடி. அதைவிட மோசம், ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்காரர்கள் சமாதானம் பேச வருகிறார்களாம். அண்ணன்தான் ஏற்பாடு. கலையை யாரும் கேட்கவில்லை.

புடவை எடுக்க வேண்டும் என்று சாவியை வாங்கினேன். என் துணிகளையெல்லாம் வாரிக் கட்டிலில் போட்டேன். அலமாரியின் உள்பக்கச் சுவரில் சின்னச் சின்னத் துளைகள், அவற்றில் செருகிய சிறு முளைகளின்மேல் தட்டுகள். நாடு வேறானாலும் சங்கதி ஒன்றுதான். நடுத்தட்டு இரண்டைக் கழற்றி மேலே ஏற்றி, அடியில் ஒரு கம்பியைக் கொடுத்ததும் கோட்டு மடங்காமல் தொங்க உயரம் கிடைத்தது. கலை வாசலில் நின்று பார்த்தாள். எனக்கு எதற்கு, அது உன் பெயரில் போட்டது, பிறகு நான்தான் பேச்சுக் கேட்க வேண்டும் என்று தயங்கினாள். உனக்குத் திண்டிவனம் போக இஷ்டமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அப்படியென்றால் பையைக் கொண்டு வா என்றேன். கொண்டு வந்தாள்.

அண்ணன் சத்தம் கேட்டு மேலே வந்தான். "நீ பாட்டுக்கு ரெண்டு வாரத்துல பிளேன் ஏறிடுவ. இங்க பேஜாரு எங்களுக்குத்தான்" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பேஜாரு உனக்கில்லை, அடி வாங்கினவளுக்கு என்றேன். அவன் இறங்கிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் புருஷனும் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும் என்று அந்தப் பெரியவர் பேசிக்கொண்டே போனார். அம்மா தலையாட்டினாள். அரைநாள் லேபு முடிந்து கலை வந்தாள். யாரையும் பார்க்காமல் மாடி ஏறினாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தமும் ஹேங்கர் கம்பியில் உரசுகிற சத்தமும் கீழே வரை கேட்டன. முகம் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"நான் வரலைங்க. என் துணிமணியெல்லாம் இங்கதான் இருக்குது. இங்கதான் இருக்கப் போறேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பெரியவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் காப்பித் தம்ளரைப் பார்த்தான். புருஷன்காரன் எழுந்து வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் செய்தான். நான் கிளம்பும்வரை அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இதைப் படிக்கிற நீங்கள் விழுப்புரத்தில் இருந்தாலும் வின்னிபெக்கில் இருந்தாலும் உங்கள் வீட்டுக் கட்டிலின் அடியை ஒருமுறை குனிந்து பாருங்கள். யாருடைய துணியாவது பையில் இருந்தால், வெட்கப்பட வேண்டியது பைக்கு உரியவள் அல்ல.

போன தை மாதம் மறுபடி போயிருந்தேன். எனக்கென்று காட்டிய மாடி அறை இப்போது கலையின் அறை; அதில் இரண்டு கோட்டு, ஒரு கண்ணாடி, அவளுடைய பரீட்சைப் புத்தகங்கள். அம்மா அவளைத்தான் தன் லேபு ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லச் சொல்கிறாள். குளித்துவிட்டு, மாற்றுப் புடவைக்காக நான் பழக்கத்தில் அலமாரிக் கதவில் கை வைத்தேன். கலை பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"இன்னா வேணும்னு சொல்லுக்கா. நான் எடுத்துத் தர்றேன். உன்னுதெல்லாம் பரண்ல போட்டு வச்சிருக்கிறேன்."

கையை எடுத்துக்கொண்டேன். இதைத்தானே விரும்பினேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, கூடத்தில் வாய் திறந்து கிடந்த என் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். ஈரத் தலையோடு, மேலே கிடந்த கம்பளிக் கோட்டைத் தள்ளிவிட்டு, அடியில் நூல் புடவை ஏதாவது அகப்படுகிறதா என்று துழாவினேன்.