ஜௌபர் காக்கா நிறுத்திவைத்த பெக்கோ

கிளினிக்கில் ஒருவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தாதி வந்து காதோடு சொன்னாள், ஜௌபர் காக்கா மௌத்தாகிவிட்டார் என்று. சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லையாம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். அந்த நோயாளியின் மூச்சை நான் முதலிலிருந்து மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக அவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஹோட்டல்காரர்கள் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தத்தையே அறிவார்கள். என்னோடு அவர் கதைத்தது பெரும்பாலும் புகையைப் பற்றித்தான். வெள்ளாமை வெட்டி முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களில், கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஏன் காலையில்தான் மூச்சு முட்டுகிறது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் அவர். இரவெல்லாம் தரையிலிருந்து கடலை நோக்கி வரும் காற்று புகையை ஊரின்மேல் கொண்டுவந்து சேர்க்கும். விடியற்குளிரில் அது மேலெழும்பாமல் கூரை உயரத்திலேயே கிடக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பினால்தான் கலையும். “மழ கழுவும், காத்து கலைக்கும். ரெண்டும் இல்லாத நாளில நம்மட நெஞ்சுதான் வடிகட்டி, டொக்டர்” என்பார்.

சில வருடங்களுக்கு முன்பு, ஊருக்கு மேற்கே இருந்த குப்பைமேடு உள்ளுக்குள் தீப்பிடித்தது. சுவாலை இல்லை; அடியிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் ஆளை விழுத்தும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டில் போதவில்லை. தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்து மருந்து ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியபோது நான் ஜௌபர் காக்காவுக்குப் போன் எடுத்தேன். மண் கிண்டும் பெக்கோ இயந்திரமும் தண்ணீர் பவுசர் லொறிகளும் வந்து நிற்கின்றன என்றார். அப்படியென்றால் ஏன் இன்னும் குப்பையைக் கிண்டித் தண்ணீர் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

“இப்ப கிண்டினா உள்ளுக்க அடைஞ்சிரிக்கிற புகை முழுக்க ஒரேயடியா வெளிய வரும். காத்து இன்னும் ஊர்ப் பக்கம்தான் இரிக்கி. உங்கட வார்டுக்குத்தான் வரும்.”

“கிண்டாட்டியும் வந்துகொண்டுதானே இரிக்கி, காக்கா?”

“ஓம். கடற்காத்து எழும்பட்டும். அதுவரைக்கும் புள்ளைகளப் பாத்துக்கொள்ளுங்க.”

அவரைச் சுற்றி ஆட்கள் சத்தம் போடுவது போனில் எனக்குக் கேட்டது. சிலர் பெக்கோ சாவியைப் பறிக்க வந்தார்கள் என்றும், இவர் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார் என்றும் பவுசர் சாரதி பிறகு சொன்னார். பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று அவருடைய சொந்த மச்சானே முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அதற்கும் ஓம் என்றுதான் சொன்னாராம்.

அன்று பார்த்து வானம் மூடிக் கிடந்தது. தரை சூடேறாவிட்டால் கடற்காற்று வராது. யன்னலுக்கு வெளியே தென்னோலை அசையவில்லை. சிறுமியை மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவள் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடற்காற்று வந்தால் புகை மேற்கே, வயலோரக் குடியிருப்பின் மேல் போகும். அது ஜௌபர் காக்காவுக்குத் தெரியும். காத்திருந்த நேரத்தில் அங்கே முச்சக்கர வண்டிகளை அனுப்பி, கைக்குழந்தைகளையும் நெஞ்சு வருத்தக்காரரையும் நிந்தவூரிலுள்ள சொந்தக்காரர் வீடுகளுக்கு ஏற்றச் சொன்னார். மற்றவர்களைக் கதவடைத்து இருக்கும்படி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்தார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னர் வார்டின் கடல் பக்கத்துத் திரை உள்நோக்கிப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் புகை மணம் விலகியது. அம்புலன்ஸ் வந்து நின்றபோது சிறுமியின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. மருந்தா, காற்றா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குப்பைமேட்டில் பெக்கோ கிண்டத் தொடங்கியது. பொழுது சாயும் மஃரிபுக்குள் தீ அணைந்தது.

ஆனால் மேற்கே ஒரு வயதானவர் வீட்டை விட்டு வர மறுத்திருந்தார். மாலையில் அவரை எங்களிடம்தான் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு அவரால் வயலில் இறங்க முடியவில்லை.

மறுநாள் ஊர் ஜௌபர் காக்காவைப் பாராட்டிக்கொண்டிருந்தது. அவர் மேற்குக் குடியிருப்புக்குப் புறப்பட்டார். ஆட்கள் கோபத்தில் இருக்கிறார்கள், இப்போது போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“புகைய அங்கால அனுப்பின நான்தானே, டொக்டர். முகத்தக் காட்டாம இரிக்க ஏலாது.”

போனார். எங்கட உசிர் என்ன மலிவா என்று பெண்கள் ஏசினார்களாம். அந்த வயதானவரின் மகள்தான் இதை எனக்குச் சொன்னாள். ஜௌபர் காக்கா தான் செய்ததையும் அதன் காரணத்தையும் ஒருமுறை சொல்லிவிட்டு, அவர்கள் ஏசி முடியும்வரை நின்றார். பிறகு வீடு வீடாகப் போய் யாருக்கு இருமல் என்று விசாரித்தார். குப்பைமேட்டை மண் போட்டு மூடும்வரை அதிகாரிகளையும் அவர் விடவில்லை.

ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும் முடிவுகள் எங்கள் தொழிலில் அடிக்கடி வரும். முன்பெல்லாம் கட்டில் இல்லை என்று சொல்லத் தாதியைத்தான் அனுப்புவேன். இப்போது நானே போகிறேன். அந்தக் குடும்பம் சொல்வதையெல்லாம் கேட்டு முடியும்வரை அங்கேயே நிற்கிறேன். ஜௌபர் காக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.