ராயப்பன்பட்டி மேரி உடனே வெளியே வரவும்

பழைய தியேட்டர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு. படம் ஓடுகிறதா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். சுவர் நின்றால் போதும், சுற்றி வந்து நாலு போட்டோ எடுத்துவிடுவேன். திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் முடித்தாகிவிட்டது. சொந்த மாவட்டத்தை மட்டும் விட்டு வைத்திருந்தேன். இந்த வருடம் வைகாசியில் லீவுக்குத் தேனி வந்தபோது, லோயர் கேம்ப் வரை ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று திட்டம் போட்டேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறாள்.

"நீ உத்தமபாளையம் போறேல்ல? நானும் வாறேன்."

"இடிஞ்ச தியேட்டரப் பாக்க நீ எதுக்கும்மா?"

"தியேட்டரு யாருக்குடா வேணும்? அங்கன ஒருத்திகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்."

அப்பா விடியற்காலையிலேயே தோட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா வீட்டைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் தேனி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த தியேட்டர் இப்போது மூன்று மாடி ஜவுளிக்கடை. அடையாளமே மிச்சமில்லை. வாட்ச்மேன் மட்டும், "இந்த லிஃப்ட் இருக்குல்ல, இங்கனதேன் கட்டவுட்டு வப்பாக" என்று பெருமையாகக் காட்டினார். லிஃப்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். (தியேட்டர் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. இப்போதிருக்கும் முதலாளிகள் சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஊரில் போய்ப் பழைய தியேட்டர் என்று கேட்டாலே கை காட்டுவார்கள்.)

அங்கிருந்து சின்னமனூர் இருபத்திரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட். அந்த ஊர்த் தியேட்டர் வாழைக்காய் மண்டியாகிவிட்டது. உள்ளே போனால் அசந்துபோவீர்கள். திரை இருந்த மேடை அப்படியே இருக்கிறது, அதன்மேல் தார் தாராக வாழை. தரை இன்னமும் சரிவுதான். அதை ஏன் மட்டம் பண்ணவில்லை என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே? பின்னால நின்னு ஒரு வாளி தண்ணிய ஊத்துனா மொத்தக் கழிவும் தன்னால முன்னால போயிரும். தியேட்டரு கட்டுன புண்ணியவான் எங்களுக்குன்னே கட்டிருக்காரு" என்றார் மண்டிக்காரர். போகும்போது ஒரு சீப்பு ரஸ்தாளியை அம்மா கையில் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்து பழத்தை உரித்துக்கொண்டே அம்மா விஷயத்துக்கு வந்தாள். அம்மா பெயர் மேரி, பிறந்த ஊர் ராயப்பன்பட்டி. பள்ளிக்கூடம் முடித்ததும் உத்தமபாளையத்தில் டைப் ரைட்டிங் வகுப்புக்குப் போயிருக்கிறாள். அங்கே கூட்டாளியானவள் ரஹ்மத், உள்ளூர்க்காரி. ஒருநாள் இரண்டு பேரும் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மேட்னி போயிருக்கிறார்கள். இடைவேளை முடிந்து படம் ஆரம்பித்துவிட்டது, முறுக்கு வாங்கப் போன ரஹ்மத் இன்னும் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு சிலேடு விழுந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்போது கையில் போன் கிடையாது. படம் பார்க்கிறவரை அவசரமாகக் கூப்பிட வேண்டுமானால், ஆபரேட்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஒரு கண்ணாடித் துண்டில் மையால் எழுதி, ஓடுகிற படத்தின் மேலேயே காட்டுவார். ஊரும் பேரும் இருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு வந்தது இது: ராயப்பன்பட்டி மேரி உடனே வெளியே வரவும்.

"எங்கய்யாவுக்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு நெனச்சேன்டா. காலுல கெடச்ச செருப்ப மாட்டிக்கிட்டு, யாரு என்னன்னு பாக்காம பஸ் ஸ்டாண்டுக்கு ஒரே ஓட்டம். பஸ்ஸுல அழுத அழுகையப் பாத்து கண்டக்டரே டிக்கெட்டு கேக்கல. வீட்டுக்குப் போனா எங்கய்யா கட்டுல்ல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருக்காரு! ஏன்டி அழுகுறன்னு கேட்டதும், சினிமாவுல சிலேடு போட்டாகன்னு வாய் தவறி ஒளறிட்டேன். அம்புட்டுத்தேன். மறுநாளுல இருந்து வகுப்பும் இல்ல, பாளையமும் இல்ல."

"சிலேடு யாரும்மா போட்டது?"

"வேற யாரு? நான் அங்கன இருக்கது அவ ஒருத்திக்குத்தேன் தெரியும். முறுக்கு வாங்கப் போறேன்னு போய் வெளையாட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கா."

அதற்குப் பிறகு அம்மா ரஹ்மத்திடம் பேசவே இல்லை. நாற்பது வருடம்! அம்மாவின் பிடிவாதம் எனக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு தெரியாது. இப்போது ஏன் கேட்க வேண்டும் என்றேன். "இனி எப்பக் கேக்க?" என்றாள். முகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. என் கவலை வேறு. அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது?

பத்து கிலோமீட்டரில் உத்தமபாளையம். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரரிடம் ரஹ்மத் வீட்டைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"எந்த ரஹ்மத்தும்மா? எங்க தெருவுலயே நாலு பேரு இருக்காக. ஏதாச்சும் அடையாளம் சொல்லுங்க."

அம்மா யோசித்துவிட்டு, "சிரிச்சா மூணு தெருவுக்குக் கேக்கும்" என்றாள்.

"அட, நம்ம டெய்லர் அக்கா! ஏறுங்க."

வழியில் அந்தத் தியேட்டரைக் காட்டினார். கல்யாண மண்டபமாகிவிட்டது. அன்று முகூர்த்த நாள், வாசலில் வாழை மரமும் மேளமுமாக அமர்க்களம். இரண்டு நிமிடம் இறங்கி எட்டிப் பார்த்தேன். டிக்கெட் கொடுத்த அதே பொந்துக்குள் ஒருவர் உட்கார்ந்து மொய் எழுதுகிறார். மேலே ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாக வீடியோக்காரர் மணமேடையைப் படம் பிடிக்கிறார். இதைவிட நல்ல கதி ஒரு தியேட்டருக்கு வாய்க்குமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

ரஹ்மத் அத்தை வாசலில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். (அத்தை என்று கூப்பிடச் சொன்னது அவரேதான், அது பிறகு.) மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"என் செருப்பு எங்கடி?"

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"பெருநாளுக்கு எங்க அத்தா எடுத்துக் குடுத்த புதுச் செருப்பு. சீட்டுக்கடியில கழட்டிப் போட்டுட்டு முறுக்கு வாங்கப் போனேன். நீ அத மாட்டிக்கிட்டு ஓடிட்ட. வெறுங்கால்ல வீட்டுக்குப் போயி நான் வாங்குன அடி எனக்குத்தேன் தெரியும்."

"நீ எதுக்குடி சிலேடு போட்ட?" அம்மா ஒருவழியாகக் கேட்டுவிட்டாள்.

"நானா?" என்று ரஹ்மத் அத்தை எழுந்தேவிட்டார். "நீ பாட்டுக்கு ஓடிட்ட. ஒரு தடவ திரும்பிப் பாத்தியாடி? முறுக்க வாங்கிக்கிட்டு நான் உள்ள வாறேன், பொம்பளைக பக்கத்துல ஒரு வரிசையே எந்திரிச்சு நிக்கிது! அம்புட்டுப் பேரும் ராயப்பன்பட்டி மேரி! ஆம்பளைக பக்கமிருந்து ஒரே விசிலு. ஆபரேட்டரு படத்த நிப்பாட்டி லைட்டப் போட்டாரு. வெளிய ஒரு மனுசன் நிக்கிறாரு. அவுக வீட்டம்மா மேரியக்கா வீட்டப் பூட்டிச் சாவிய முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் படத்துக்கு வந்துட்டாகளாம். சோறு திங்க வழியில்லாம அவரு பஸ் ஏறி வந்து சிலேடு போட்டிருக்காரு!"

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று தெரு என்று அம்மா சொன்னது குறைவு. மாதா கோயில் ஊரில் வீட்டுக்கு ஒரு மேரி இருப்பது அம்மாவுக்குத் தெரியாதா? அத்தனை பேருக்கும் எழுந்து நிற்கத் தோன்றியிருக்கிறது, ஓடத் தோன்றியது இவள் ஒருத்திக்குத்தான். அம்மா மிஷின் பக்கத்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, சிரித்து, சிரிப்பிலேயே அழுதாள்.

"வந்து சொல்லியிருக்கலாம்லடி!"

"செருப்பத் தூக்கிட்டுப் போனவ வீட்டுக்கு நான் எதுக்குடி வரணும்? நீதேன் வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா அவர் கையைப் பிடித்தவள்தான், சாப்பாடு போடும்வரை விடவில்லை. கறிக்குழம்பும் நெய்ச்சோறும். என் லோயர் கேம்ப் திட்டம் அந்த இலையிலேயே முடிந்துபோனது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தேனியிலிருந்து கம்பம் வரை மொத்தமே நாற்பது கிலோமீட்டர்தான், பஸ் வந்துகொண்டே இருக்கும், காரெல்லாம் வேண்டாம். மண்டிக்குக் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் ஆள் இருக்காது. மண்டபத்துக்கு முகூர்த்த நாளில் போனால் உள்ளே பார்க்கலாம், பந்தியிலும் உட்கார வைத்துவிடுவார்கள், மொய் கையில் இருக்கட்டும். எங்கேயும் கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். கம்பத்தில் ஓடுகிற தியேட்டர் இருக்கிறது, மேட்னி இரண்டரை மணிக்கு, நாங்கள் போனபோது டிக்கெட் நூற்றிருபது. இடிந்ததை மட்டும் பார்த்துத் திரும்பாமல் அங்கே ஒரு படம் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாங்களும் பார்த்தோம், ரஹ்மத் அத்தையையும் கூட்டிக்கொண்டு போய். அம்மா கம்பம் கடைவீதியில் முதல் வேலையாக ரஹ்மத் அத்தைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். அத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் தியேட்டருக்குள் நுழைந்தார். "இன்னிக்கு இத நான் காலவிட்டுக் கழட்டமாட்டேன்டி" என்றார். இரண்டு பேரும் நடுவில் முறுக்குப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றுகூடத் தராமல் தின்றார்கள்.

இடைவேளை முடிந்து படம் ஆரம்பித்ததும் என் போன் அதிர்ந்தது. அப்பா. தோட்டத்திலிருந்து வந்து வாசலில் நிற்கிறாராம். வீடு பூட்டியிருக்கிறதாம், சாவி எங்கே என்று கத்துகிறார். நான் குனிந்து அம்மா காதில் சொன்னேன். அம்மா கைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ராயப்பன்பட்டி மேரி படம் முடிஞ்சுதேன் வெளிய வருவான்னு சொல்லு."